ஒருக்களித்தும் ஒரு சொல் நுழையவில்லை: 'வேர்ட் இன் எட்ஜ்வேஸ்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

பாலக்கோடு டீச்சர்
ஞாயிறு, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டுப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். சென்ற வாரம் 11ஆம் வகுப்பில் ஆங்கில மரபுத்தொடர்கள் நடத்தும்போது 'ஐ குடன்ட் கெட் எ வேர்ட் இன் எட்ஜ்வேஸ்' என்ற தொடர் வந்தது. எதிரில் இருப்பவர் ஓயாமல் பேசுகிறார், நடுவில் நாம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை என்று பொருள். பலகையில் எழுதிவிட்டு, "பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை" என்று தமிழ் சொன்னேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "வாய்ப்பு என்றால் யாராவது கொடுப்பது, டீச்சர். இதில் யாரும் எதையும் கொடுக்கவில்லையே. நாமாகத்தானே உள்ளே நுழைக்கப் பார்க்கிறோம்?" என்றாள்.

அவள் சொன்னது சரி. 'எட்ஜ்' என்றால் விளிம்பு. 'எட்ஜ்வேஸ்' என்றால் விளிம்பை முன்னே நீட்டியபடி. அலமாரியில் புத்தகங்கள் நெருக்கி அடுக்கியிருக்கும்போது ஒரு நோட்டைப் பட்டையாகக் காட்டினால் உள்ளே போகாது. அதன் மெல்லிய ஓரத்தைக் காட்டினால் போகும். அந்த ஓரத்தின் அளவுக்குக்கூட இந்தப் பேச்சில் இடைவெளி இல்லை என்பதுதான் தொடரின் படம். இங்கிலாந்தில் 'எட்ஜ்வேஸ்' என்பார்கள், அமெரிக்காவில் 'எட்ஜ்வைஸ்'. பெரும்பாலும் 'முடியவில்லை' என்ற எதிர்மறையோடுதான் வரும். 'முடிந்தது' என்று அதைச் சொல்லிக் கேட்பது அரிது.

தமிழில் இதற்கு நேரான வழக்கு என்ன என்று கேட்கத்தான் இழையைத் தொடங்குகிறேன். இன்னொன்றும் மனத்தில் கிடக்கிறது. பேசாமல் இருப்பவரைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் அவருடைய வாயின் மேலேயே போய் விழுகிறது. வாயில்லாப் பூச்சி, உம்மணாமூஞ்சி, "வாயில் என்ன கொழுக்கட்டையா?". ஆங்கிலத்திலும் அப்படிப்பட்டவை உண்டு. நாக்கு கட்டுண்டுபோனது என்பார்கள், உன் நாக்கைப் பூனை பிடித்துக்கொண்டதா என்பார்கள். ஆனால் இந்த ஒரு தொடர், வாயில் குறையில்லை, எதிரே சந்துதான் இல்லை என்கிறது. அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

தகடூரான்
ஞாயிறு, இரவு 9.15

டீச்சர், உங்கள் மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். 31 ஆண்டுகள் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்படி ஒரு கேள்வி என் வகுப்பில் வந்திருந்தால் அன்று பாடத்தை மூடி வைத்திருப்பேன்.

நேரான வழக்கு வேண்டுமானால், "பேச விட்டால்தானே!", "வாயைத் திறக்க விடவில்லை", "மூச்சு விடாமல் பேசினார்". மூன்றுமே வீட்டில் தினமும் புழங்குபவை. ஆனால் மூன்றிலும் அந்த விளிம்பு இல்லை.

'எட்ஜ்வேஸ்' என்பதில் உள்ள 'வேஸ்' நம்மிடமும் இருக்கிறது. நீளவாக்கில், குறுக்குவாக்கில் என்கிறோமே, அந்த 'வாக்கில்'தான். ஆக, விளிம்புவாக்கில். சொல் என்று பொருள்படும் வாக்கு வேறு, இந்த வாக்கு வேறு, ஓசைதான் ஒன்று.

நீங்கள் சொன்ன இன்னொன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. ஓயாமல் பேசுபவரைக் குறைசொல்லும் சொற்களும் தமிழில் நிறைய இருக்கின்றன. தொணதொணப்பு, வளவளப்பு, வாயாடி, ஓட்டைவாய். நம் மொழி மௌனத்தை மட்டும் பழிக்கவில்லை.

அரூர் மருமகள்
ஞாயிறு, இரவு 9.40

ஐயா, மன்னிக்க வேண்டும். 'வாயாடி' என்று இதுவரை எத்தனை ஆண்களைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? நான் கேட்டவரை அது பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயர். அதுவும் மூச்சு விடாமல் பேசுகிறவளுக்கு அல்ல; கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவளுக்கு.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் பெரியம்மா சொன்ன முதல் வாக்கியம், "பெண் அதிர்ந்து பேசமாட்டாள்." அதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். பேசமாட்டாள் என்பது அங்கே நகை மாதிரி ஒரு சொத்து. கல்யாணமாகி வந்த வீட்டில் எட்டுப் பேர். இரவில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது பேச்சு ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குத் தாவும். நான் தோசைக்கரண்டியோடு அடுப்பங்கரை வாசலில் நிற்பேன். சொல்ல வந்தது நாக்கு நுனியில் இருக்கும். ஒருவர் முடிக்கிறார் என்று நினைத்து வாயைத் திறந்தால் அடுத்தவர் தொடங்கியிருப்பார். கல்லில் தோசை தீயும் வாசனை வரும், திரும்பிவிடுவேன். 12 வருடத்தில் எத்தனை சொற்கள் அப்படித் தீய்ந்துபோயின என்று கணக்கில்லை.

ஆகவே டீச்சர், அந்தத் தொடரைப் பெண் பிள்ளைகளுக்கு விட்டுவிடாமல் நடத்துங்கள்.

ஓசூர் லேத்
ஞாயிறு, இரவு 10.20

தமிழ்ச் சொல் தேடும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. ஆனால் 'விளிம்பை முன்னே நீட்டியபடி' என்று டீச்சர் எழுதியதைப் பார்த்ததும் எங்கள் வேலைதான் கண்ணில் வந்தது.

லேத்தில் கம்பியைத் துண்டாக வெட்டப் பார்ட்டிங் டூல் என்று ஒன்று வைத்திருப்போம். மற்ற டூல்களைப் போல அகலமாக இருக்காது. தகடு மாதிரி மெலிந்து, சில நேரம் 3 மி.மீ. கனம்தான் இருக்கும். கம்பியை நிறுத்திவிட்டு அதை உள்ளே விடுவதில்லை. கம்பி சுழன்றுகொண்டே இருக்க, ஓரம் முதலில் படும்படி மெல்லக் கொடுப்போம். டூலின் முனை கம்பியின் நடுப்புள்ளிக்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் மேலே போனால் வெட்டாமல் உரசும். கொஞ்சம் கீழே போனால் கம்பி டூலின் மேலேறி முறித்துப் போடும். அவசரப்பட்டுத் தள்ளினாலும் முறியும். பயந்துபோய் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் அதிர்ந்து அதிர்ந்து வெட்டுவாய் கெட்டுவிடும். சீராகக் கொடுக்க வேண்டும், எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் பேச்சுக்குள் ஒரு சொல்லை விடுவதும் அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஷாப்பில் கன்னடம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், இந்தி பேசுகிறவர் எல்லோரும் உண்டு. வேலை நேரத்தில் யாருக்கும் மொழி தடையில்லை. பாதி கையால் பேசுவோம். திங்கட்கிழமைக் கூட்டத்தில்தான் சிக்கல். அங்கே ஆங்கிலமும் இந்தியும். ஒரு பாகம் ஏன் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். அளவில் குறையில்லை, பிடிக்கிற ஜாவில் தேய்மானம். அதை மனத்துக்குள் ஆங்கிலமாக அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த பாகத்துக்குப் போயிருக்கும். இதற்கும் அதே தொடரைச் சொல்லலாமா, டீச்சர்? அங்கே யாரும் ஓயாமல் பேசவில்லை. எல்லோரும் அளவாகத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் எனக்குச் சந்து கிடைப்பதில்லை.

ஊத்தங்கரை ஒலியன்
ஞாயிறு, இரவு 11.05

லேத் அண்ணா கேட்டிருப்பது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. மொழியியல் ஆய்வு மாணவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உரையாடலில் யார் எப்போது பேசுவது என்பதற்கு எழுதாத ஒழுங்கு ஒன்று இருக்கிறது என்று ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974இல் ஒரு கட்டுரையில் காட்டினார்கள். பேசுபவர் ஒரு வாக்கியத்தையோ தொடரையோ முடிக்கும் இடம் வரும். அங்கே அவர் கேள்வி கேட்டோ பெயர் சொல்லியோ அடுத்தவரை அழைக்கலாம். அழைக்காவிட்டால், யார் முதலில் தொடங்குகிறாரோ அவருக்கு முறை. யாருமே தொடங்காவிட்டால் பேசியவரே தொடரலாம். அந்த முடியும் இடம்தான் நாம் தேடும் சந்து.

அது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 2009இல் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று 10 மொழிகளில் 'ஆம், இல்லை' வகைக் கேள்விகளுக்குப் பதில் எத்தனை நேரத்தில் வருகிறது என்று அளந்தது. எல்லா மொழிகளையும் சேர்த்துச் சராசரி 200 மில்லிவினாடி அளவில் வந்தது. ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. டேனிஷ் மொழிக்காரர்கள்தான் மெதுவாகப் பதில் சொன்னவர்கள், சராசரி 469 மில்லிவினாடி. ஜப்பானியர்கள் வேகமானவர்கள், வெறும் 7 மில்லிவினாடி. அந்தப் பத்தில் தமிழ் இல்லை.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே நமக்கு ஏறக்குறைய 600 மில்லிவினாடி ஆகிறது. சந்தோ 200. அப்படியானால் எதிரில் இருப்பவர் முடித்த பிறகு நாம் யோசிக்கத் தொடங்குவதில்லை. அவர் பேசும்போதே முடிவை ஊகித்து, நம் சொல்லைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறோம். தாய்மொழியில் இது தானாக நடக்கும். வேறு மொழியில் ஊகிக்கவும் நேரம் ஆகும், அடுக்கவும் நேரம் ஆகும். லேத் அண்ணா கூட்டத்தில் தோற்பது இங்கேதான். யாரும் கதவை அடைக்கவில்லை. திறந்து மூடுகிற வேகம்தான் அவருடைய மொழிக்கு ஏற்றதாக இல்லை.

தகடூரான்
திங்கள், காலை 6.10

தம்பி, ஜப்பானிய மொழியில் வினை கடைசியில்தானே வரும்? நம்மைப் போல. கடைசிச் சொல் வரும்வரை 'வந்தானா, வரவில்லையா' என்றே தெரியாத மொழிக்காரர்கள் எப்படி எல்லோரையும் முந்திப் பதில் சொல்கிறார்கள்?

ஊத்தங்கரை ஒலியன்
திங்கள், காலை 7.30

நல்ல கேள்வி, ஐயா. வினை கடைசியில் வந்தாலும் அதற்கு முன்னால் வரும் வேற்றுமை உருபுகளும் குரலின் ஏற்ற இறக்கமும் பாதியைச் சொல்லிவிடும். 'உங்களுக்குச் சாப்பாடு...' என்று இழுக்கும்போதே "ஆயிற்று" என்கிறோம் அல்லவா?

ஆனால் தமிழில் சந்தே வராமல் பேச ஒரு வழி உண்டு. உங்களைப் போன்றவர்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். வினையெச்சம். 'காலையில் எழுந்து, மாட்டைப் பிடித்துக் கட்டி, பாலைக் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, வந்து பார்த்தால், இவன் எழாமல் கிடந்து...' என்று போகும். எச்சமாகவே வைத்திருக்கும்வரை வாக்கியம் முடிவதில்லை. முற்று வந்தால்தானே அடுத்தவர் வாயைத் திறக்கலாம்? பழகியவர்கள் முற்று வரும் இடத்தில் மட்டும் வேகத்தைக் கூட்டி, 'போனேன் அப்புறம் என்ன ஆயிற்று என்றால்' என்று ஒரே மூச்சில் அடுத்த வாக்கியத்தைக் கோத்துவிடுவார்கள். கேட்பவர் திறந்த வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

தகடூரான்
திங்கள், காலை 7.55

எச்சத்தையும் முற்றையும் எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். முற்று ஒரு வாசல் என்று எனக்குத் தோன்றியதில்லை. நன்றி, தம்பி.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருத் திண்ணையில் ஐந்து கிழவர்கள் உட்கார்ந்தால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். ஒருவர் முடித்தபின் ஒருவர் என்பதெல்லாம் அங்கே கிடையாது. வெளியூர்க்காரர் பார்த்தால் சண்டை என்று நினைப்பார். ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பதும் நடுவில் புகுவதும் அங்கே அன்பு. இதையும் குற்றம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஊத்தங்கரை ஒலியன்
திங்கள், காலை 8.05

குற்றமே இல்லை, ஐயா. டெபோரா டேனன் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். நியூயார்க் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசுவது ஆர்வத்தின் அடையாளம், ஒத்துழைப்பு என்று காட்டினார். அதே மேசையில் இருந்த கலிஃபோர்னியாக்காரர்கள் இடைவெளிக்காகக் காத்திருந்து காத்திருந்து பேசாமலே போனார்கள். இரண்டு பழக்கங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்ததுதான் சிக்கல்.

அரூர் மருமகள்
திங்கள், காலை 8.30

திண்ணையில் ஐந்து பேரும் சமம், ஐயா. அதனால் அது அன்பு. தோசைக்கரண்டியோடு வாசலில் நிற்பவள் அந்த ஐவரில் ஒருத்தி இல்லையே. என் அம்மா வீட்டில் அக்கா தங்கை நால்வரும் சேர்ந்தால் நாங்களும் ஒரே நேரத்தில் பேசுவோம்; ஒரு சொல்கூட வீணாகாது. அதே நான் இங்கே வந்து ஊமையானேன். பழக்கம் மாறவில்லை, இடம் மாறியது.

தகடூரான்
திங்கள், காலை 8.45

ஏற்கிறேன், அம்மா.

பச்சைத்துண்டு
திங்கள், மதியம் 1.20

போச்சம்பள்ளிப் பக்கம் மாட்டுத் தரகரின் மகன் நான். சந்தையில் ஆயிரம் பேர் கத்தும்போது விலை பேச என் அப்பா வாயையே திறக்கமாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொள்வார். வாங்குபவர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பார். எத்தனை விரல், எந்தக் கணு என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. ஒருவர் விரலைப் பிடித்தால் மற்றவர் பதிலுக்குப் பிடித்தே ஆக வேண்டும். துண்டுக்குள் யாரும் யாரையும் அடக்கிப் பேச முடியாது. குரல் எடுபடாதவர்கள் அங்கே ஏமாந்து போவதில்லை.

டீச்சரின் சொல்லுக்கு என் பங்கு: கூட்டம் நெரிக்கும் பஸ்ஸில் நாம் எப்படி ஏறுகிறோம்? நேராக ஏறினால் இடமில்லை. உடம்பைத் திருப்பி ஒருக்களித்து ஏறுகிறோம். 'ஒருக்களித்து' என்பது சரியாக வருமா பாருங்கள்.

பாலக்கோடு டீச்சர்
திங்கள், மதியம் 1.35

வரும், வரும்! 'ஒரு சொல்லை ஒருக்களித்துக்கூட நுழைக்க முடியவில்லை.' படமும் வந்துவிட்டது, தமிழாகவும் இருக்கிறது. உங்கள் அனுமதியோடு இழையின் தலைப்பை மாற்றுகிறேன்.

காவேரிப்பட்டணம்
திங்கள், மாலை 4.10

இவ்வளவு சுற்ற வேண்டுமா? 'குறுக்கே பேச முடியவில்லை' என்றால் முடிந்தது.

பாலக்கோடு டீச்சர்
திங்கள், மாலை 4.30

இல்லை, ஐயா. 'குறுக்கே பேசாதே' என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். குறுக்கே பேசுவது நுழைபவரின் தவறு. இந்தத் தொடரில் நுழையப் பார்ப்பவர் தவறு செய்யவில்லை. தமக்கு உரிய முறையைத்தான் கேட்கிறார். 'குறுக்கே' என்று போட்டால் அந்தப் பழி மறுபடியும் அவர் மேலேயே விழும்.

நிதானம்
திங்கள், இரவு 9.50

நான் எழுதலாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். எனக்குத் திக்குவாய். கிருஷ்ணகிரியில் கணக்கு வேலை பார்க்கிறேன். எழுத்தில் திக்காது என்பதால் இங்கே எழுத வருகிறேன்.

200 மில்லிவினாடி என்று தம்பி எழுதியதைப் பலமுறை படித்தேன். என் சொல் தொண்டையில் நின்றுவிட்டால் 2 வினாடி நிற்கும், சில நாள் 5 வினாடி. உலகம் விடுகிற சந்தைப் போலப் பல மடங்கு எனக்கு வேண்டும். அதுவரை நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், சத்தம்தான் வரவில்லை. எதிரில் இருப்பவர் அதை மௌனம் என்று எண்ணி அடுத்ததைத் தொடங்கிவிடுகிறார். நல்லவர்கள் இன்னொன்று செய்வார்கள். என் வாக்கியத்தை அவர்களே முடித்துக் கொடுப்பார்கள். பஸ்ஸில் 'கா... கா...' என்று நிற்பேன், "காரிமங்கலமா?" என்று டிக்கெட்டைக் கிழித்துவிடுவார்கள். நான் போக வேண்டியது காவேரிப்பட்டணம். அதைத் திருத்த மறுபடியும் 'கா'விலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், தவறான டிக்கெட்டை வாங்கிக்கொண்டு இறங்கிய நாட்கள் உண்டு.

பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இப்படி இருக்கிறது என்கிறார்கள். அக்டோபர் 22 எங்களுக்காக உலகம் முழுவதும் கடைப்பிடிக்கப்படும் நாள்.

டீச்சர் பிரித்துச் சொன்ன இரண்டும் எனக்கு ஒன்றாகவே நடக்கின்றன. நாக்கும் கட்டுண்டிருக்கிறது, சந்தும் இல்லை. ஆனால் சந்து கொஞ்சம் அகலமாக இருந்தால் நாக்கு தானே அவிழ்ந்துகொள்கிறது. என் தங்கை மகளோடு பேசும்போது எனக்கு ஏறக்குறையத் திக்குவதே இல்லை. அவள் என் வாயைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். அவளுக்கு வயது ஆறு.

ஓசூர் லேத்
திங்கள், இரவு 10.05

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. எங்கள் லைனில் ஒரு பையனுக்குத் திக்கும். நானும் அவன் வாக்கியத்தை முடித்துக் கொடுப்பவன்தான். உதவி என்று நினைத்துச் செய்தேன். நாளையிலிருந்து செய்யமாட்டேன்.

தகடூரான்
செவ்வாய், காலை 6.30

தகடூர் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் போனால் தவறு. தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் பேசவிடவில்லை என்று பாட்டில் இல்லை. ஆனால் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். காட்டுவதும் ஒரு பேச்சுதானே? 'எவ்வளவு வைத்திருக்கிறேன் பார்' என்று வேல் வேலாகச் சொல்கிற பேச்சு. அதன் நடுவில் தூது வந்தவர் எங்கே நுழைவது?

ஔவை அவனை மறுத்துத் தொடங்கவில்லை. புறநானூற்று 95ஆம் பாட்டில் இருக்கிறது. இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பட்டு, காவலுள்ள மனையில் இருக்கின்றன என்கிறார். கேட்பவனுக்கு அது புகழ்ச்சி. அவனே சந்து விட்டுவிடுவான். அடுத்து 'அவையோ' என்று தொடங்கி, பகைவரைக் குத்தி விளிம்பும் நுனியும் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். 'அவை' எவை என்பது கடைசி அடியில்தான் வரும்: எம் கோமானின் வேல். தம்பி சொன்ன வாசலைக் கடைசிவரை திறக்காமலே வைத்திருக்கிறார் பாருங்கள். தொண்டைமான் குறுக்கே புகுந்திருக்கவே முடியாது.

லேத் தம்பி சொன்ன டூல் இதுதான். மெலிந்தது, நடுப்புள்ளிக்கு நேரானது.

அரூர் மருமகள்
செவ்வாய், காலை 9.00

ஔவைக்கு மன்னன் எதிரே நிற்க இடம் கிடைத்தது, ஐயா. அதற்குப் பிறகுதான் சொல். ஆனாலும் இந்தப் பாட்டை என் மகளுக்கு இன்று இரவு சொல்லப் போகிறேன்.

பாலக்கோடு டீச்சர்
செவ்வாய், இரவு 8.15

பிறகு எழுதுகிறேன் என்றேன் அல்லவா. எழுதிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் கூட்டம். தக்காளி பறிப்பு உச்சத்தில் இருந்த மாதம். ஒரு மாணவியின் தாய் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார். விரல் நுனிகளில் தக்காளிச் செடியின் பச்சைக் கறை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மடித்த காகிதங்கள். அவரை உட்காரவைத்து நான் தொடங்கினேன். உங்கள் பெண் ஆங்கிலத்தில் பின்தங்கி, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து, கேட்டால் பதில் சொல்லாமல் நின்று, இப்படியே போய்... ஒலியன் தம்பி எச்சங்களைப் பற்றி எழுதியதைப் படித்தபோது என் குரலே காதில் கேட்டது.

அந்த அம்மா மூன்று முறை கவரைப் பிரித்தார். மூன்று முறையும் நான் பேசிக்கொண்டிருந்ததால் மடித்து வைத்துக்கொண்டார். மூன்றாவது முறை ஒரு காகிதத்தின் மூலை வெளியே வந்தது, நான் பார்த்தேன். ரேஷன் கார்டின் நகல். ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்கவில்லை. நான்கு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. "சரிங்க டீச்சர்" என்று எழுந்து போய்விட்டார். அவர் போனபின், பாவம், வாயில்லாத அம்மா என்று பக்கத்து டீச்சரிடம் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

தேர்வுப் பெயர்ப் பட்டியலில் அந்தப் பெண்ணின் முதலெழுத்து தவறாக ஏறியிருந்தது. அப்பாவின் பெயருக்குப் பதிலாக வேறு எழுத்து. பிள்ளை அதைக் கவனித்து வீட்டில் சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் தாமாகவே சான்றுகளை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அன்று சொல்லியிருந்தால் பட்டியலில் ஒரு கோடு அடித்துத் திருத்தும் வேலை. மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு அதைத் திருத்த மனு, சான்று, கையெழுத்து என்று ஐந்து மாதம் ஆயிற்று. கல்லூரிச் சேர்க்கையின்போது அந்தப் பெண் ஒவ்வொரு மேசையிலும் 'இவரும் நானும் ஒருவர்தான்' என்று விளக்கிக்கொண்டு நின்றாள்.

தகடூரான் ஐயா சொன்னாரே, நம் மொழி மௌனத்தை மட்டும் பழிக்கவில்லை என்று. மொழியில் எல்லாம் இருக்கிறது, ஐயா. எந்தச் சொல்லை எடுப்பது என்று வரும்போது நான் எடுத்தது 'வாயில்லாத'.

நிதானம்
செவ்வாய், இரவு 9.10

டீச்சர், அந்த அம்மாவிடம் பிறகு பேசினீர்களா?

பாலக்கோடு டீச்சர்
செவ்வாய், இரவு 9.20

சான்றிதழ் வேலைக்காகப் பலமுறை சந்தித்தேன். எல்லாம் காகிதத்தைப் பற்றிய பேச்சு. அவராக எதுவும் பேசியதில்லை.

பச்சைத்துண்டு
செவ்வாய், இரவு 9.45

போன் எண் இருக்கிறதா? கூப்பிடுங்கள், டீச்சர். காரணம் எதுவும் வேண்டாம். என் பாட்டி கதை சொல்லும்போது எங்களுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுப்பார், உம் கொட்டுவது. உம் நின்றால் கதையும் நின்றுவிடும். அதை மட்டும் செய்யுங்கள்.

பாலக்கோடு டீச்சர்
புதன், இரவு 8.50

கூப்பிட்டேன். எடுத்ததும், "பெண்ணுக்கு ஏதாவது சிக்கலா?" என்று பதறினார். இல்லை, சும்மாதான் என்றேன். அதன் பிறகு நான் எதுவும் பேசவில்லை. தொலைபேசியில் மாட்டின் மணிச் சத்தம் கேட்டது. அந்த இடைவெளி எனக்கு மிக நீளமாக இருந்தது. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன்.

பிறகு அவர் தொடங்கினார். கிணற்று மோட்டார் எரிந்துபோனதாம். அதற்குக் கம்பிச்சுருள் கட்டித் தர எடுத்துக்கொண்டு போனவர் இரண்டு வாரமாக இழுத்தடிக்கிறாராம். தக்காளி விலை விழுந்து, பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல், செடியிலேயே விட்டுவிட்டு, மாடுகளை உள்ளே அவிழ்த்துவிட்டு, அவை தின்றதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, அழுகையும் வராமல், சிரிப்பும் வராமல்... எச்சத்தின் மேல் எச்சமாக வந்துகொண்டே இருந்தது. பெரிய பெண் சேலத்தில் வேலைக்குப் போகிறாள், சின்னவளுக்கு ஆங்கிலம் நன்றாக வருகிறது, "நீங்கள் நடத்தியதுதான்" என்றார்.

11 நிமிடம். முதலெழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.